கல்லுக்கு இந்தப் பக்கம்

இனிமேல் செங்கல் வைத்துக் கட்டிக்கொள்ளலாமாம் என்ற செய்தியைத் தாராவிக்குக் கொண்டுவந்தவர் நயினார். நயினாருக்கு அதைச் சொன்னவர் மான்குர்த் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த யாரோ. அந்த யாரோவுக்குச் சொன்னது, கோவண்டியில் அவர் வழக்கமாக முடிவெட்டிக்கொள்ளும் கடைக்காரன். கடைக்காரனுக்கு எப்படித் தெரியும் என்று சந்தில் ஒருவர் கேட்டே விட்டார்.

"முனிசிபாலிட்டி ஆபீசர் ஒருத்தருக்கு அவன்தான் சவரம் பண்ணுதானாம். கழுத்துல கத்திய வச்சிக்கிட்டுக் கேட்டா ஆபீசர் பொய்யா சொல்லுவாரு?" என்றார் நயினார்.

அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

செய்தி இதுதான். தாராவியில் பழைய மீனவர் கிராமம் ஒன்று உண்டு. மற்ற எல்லாரும் வந்து குடியேறுவதற்கு முன்பே இருந்த ஊர். அந்தக் கிராமத்து எல்லைக்குள் நிற்கிற வீடுகள் இனி தகரமாகவே இருக்க வேண்டியதில்லை. புது வீடு கட்டக் கூடாது. ஆனால் நிற்கிற வீட்டைப் பழுது பார்ப்பதாகச் சொல்லி, அதே அளவில், அதே உயரத்தில், செங்கல் சுவர் எழுப்பிக்கொள்ளலாம். எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் சர்க்கார் நிலம். அங்கே தகரம், பலகை, சாக்கு தவிர எதுவும் ஏறக் கூடாது.

சொர்ணம்மாள் செம்பூரில் வேலை முடிந்து வரும்போது சந்து முனையிலேயே இந்தச் செய்தி அவளைப் பிடித்துக்கொண்டது. தலையில் இருந்த சும்மாட்டுத் துணியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். கேட்டுவிட்டு, "நாளைக்கே செங்கல் எறக்குதேன்" என்றாள்.

அவள் ஒரு சித்தாள். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து செம்பூரில் காலனி காலனியாகச் செங்கல் சுமக்கிறாள். அங்கே எந்தத் தெருவில் நடந்தாலும், "இந்தச் சுவத்துல பாதி என் தலையில ஏறி வந்தது" என்று காட்டுவாள். கொத்தனார் வைக்கிற வரிசை கோணினால் கீழே நின்றபடியே சத்தம் போடுவாள். அவர்களும், "உனக்கென்ன தெரியும், மூதி" என்று திட்டிவிட்டுச் சில சமயம் திருத்துவார்கள், பல சமயம் திருத்த மாட்டார்கள். சாயங்காலம் வீடு திரும்பினால் அவளுக்கு வாய்த்தது தகரம். ஆணி அடித்தால் வீடு மொத்தமும் அலறும். வெயிலில் சுடும். போன மழைக்கு மேற்குச் சுவர் ஒரே காற்றில் உரிந்துபோய்ச் சாக்கடைக்கு அப்பால் விழுந்தது. மழை விடும்வரை சந்தே பார்க்கக் குடும்பம் நடத்தினார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவளால் பொறுக்க முடியாதது வேறு. தகரத்துக்கு ரகசியம் தெரியாது. அவளும் புருஷன் பூலோகமும் ஒரு வார்த்தை உரக்கப் பேசினால் இரண்டு பக்கத்து வீடும் தீர்ப்புச் சொல்லும். பூலோகம் மாதுங்காவில் ஒரு ஓட்டலில் தோசை மாஸ்டர். கல்லுக்கு முன்னால் நின்று நின்று, வீட்டுக்கு வந்தால் குரல் தானாகவே கட்டளை போடும். அவளுக்கோ பாரத்தோடு கத்திக் கத்திப் பழக்கம். சண்டை சூடு பிடிக்கும் நேரம் பார்த்து அடுத்த வீட்டுப் பார்வதியம்மாள் தகரத்தைத் தட்டுவாள்: "மைனி, இதுல அண்ணாச்சி சொல்லுததுதான் சரி." போதாதா? மனம்விட்டுச் சண்டை போட ஒரு செங்கல் சுவர் வேண்டும், அது மழைக்கு முன்னால் வேண்டும். சொர்ணம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

"செங்கல் எறக்குவே. சரி, எந்த எல்லைன்னு கேட்டியா?" என்றார் நயினார்.

"எந்த எல்லை?"

"நம்ம கல்லுதான் எல்லை."

சொர்ணம்மாள் கையிலிருந்த சும்மாடு கீழே விழுந்தது.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்லடிச் சந்து என்று பெயர் வந்ததே அதனால்தான். முழங்கால் உயரக் கருங்கல். வெள்ளைக்காரன் காலத்தில் நிலம் அளந்தவர்கள் நட்டது. அதன் முகத்தில் ஒரு புள்ளியில் கூடுகிற மூன்று கோடுகளைச் செதுக்கியிருந்தார்கள்; அளவைக்காரர்களுக்கு அது அடையாளம். திருநெல்வேலியிலிருந்து வந்து இறங்கியவர்கள் கண்ணுக்கு மூன்று கோடும் சூலமாகத் தெரிந்தது. ஊர் எல்லையில் கல், கல்லில் சூலம். வேறென்னவாக இருக்க முடியும்? மஞ்சள் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், வெள்ளிக்கிழமை பூப் போட்டார்கள்.

கல் அப்போது சாக்கடை ஓரத்தில் இருந்தது. மழைக்காலத்தில் இடுப்புவரை கறுப்புத் தண்ணீரில் நிற்கும். சொர்ணம்மாளுக்கு மனசு கேட்கவில்லை. ட்ராம் வண்டிகள் நின்றுபோன வருஷம், சந்துப் பெண்களைக் கூட்டி, கல்லைத் தோண்டி எடுத்து, குலவை போட்டுக்கொண்டே சுமந்துபோய், கரீம் பாட்சாவின் தோல் கிடங்குக்குப் பக்கத்தில் மேடான இடத்தில் பீடம் கட்டி நிறுத்தினாள். சிமெண்டுப் பூச்சு அவளே. பொங்கல் வைத்தார்கள். கரீம் பாட்சா வெல்லம் கொடுத்தார்.

சாக்கடை ஓரத்தில் கல் இருந்தவரை சொர்ணம்மாளின் வீடு எல்லைக்கு உள்ளே. மேட்டில் ஏறிய பிறகு, ஒரு சேலையை விரித்தால் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரம், வெளியே.

முதலில் சிரித்தது பூலோகம். "சாமிக்கு எடம் மாத்துனியே, ஒனக்கு எடம் விட்டுச்சா?" என்று சொல்லிவிட்டுத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு சிரித்தார். தகரத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சிரிப்பு எழுந்தது. சொர்ணம்மாள் சட்டியை நங்கென்று வைத்தாள்.

"சிரிங்க. இந்தச் சிரிப்பு வெளிய கேக்காத சுவர எழுப்பல, நான் சொர்ணம் இல்ல."

"எப்படி எழுப்புவே? கல்லுக்கு வெளிய இருக்கமே."

"ஒங்க ஓட்டலுக்கு ரவா தோசை திங்க ஒரு ஐயர் வாறாருல்லா, முனிசிபாலிட்டிக்காரரு. அவர கூட்டிட்டு வாங்க."

"அவரு தோசைக்குத்தான் வாறாரு. தாராவிக்கு வருவாரா?"

"முறுகல் தாறேன்னு சொல்லுங்க, வருவாரு."

வந்தார். பஞ்சாபகேசன் நகராட்சியில் நில அளவைப் பிரிவில் இருந்தார். மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். தாராவிக்கு அளக்கத்தான் வந்திருக்கிறாரே தவிர யார் வீட்டிலும் உட்கார்ந்ததில்லை. கரீம் பாட்சா கிடங்கிலிருந்து ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்த்துப் போட்டார். ஐயர் அதன் நுனியில் உட்கார்ந்து, செருப்பில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நயினார் சொன்னது வாஸ்தவம். ஆர்டர் வந்திருக்கு. ஆனா உங்க வீடு எல்லைக்கு அந்தண்டை. நான்தானே போன வருஷம் அளந்தேன்? இந்தக் கல்லுலேர்ந்துதான் சங்கிலி பிடிச்சேன். யாரோ மஞ்சள் பூசியிருக்கான்னு பார்த்தேன், வேறொண்ணும் தோணலை."

"பூசுனதும் நாந்தான், தூக்கிட்டு வந்து வச்சதும் நாந்தான்" என்றாள் சொர்ணம்மாள்.

பஞ்சாபகேசன் எழுந்து நின்றுவிட்டார்.

"தூக்கிண்டு வந்தேளா?"

"சாக்கடையில நின்னுச்சு சாமி. வேற எப்படி வரும்? அதுக்கென்ன காலா இருக்கு?"

"அம்மா, இதை இன்னொருத்தர்கிட்ட சொல்லிடாதீங்கோ. எல்லைக்கல்லை நகர்த்தினா ஜெயில்."

"சாமிய எடம் மாத்துனா ஜெயிலா? அப்ப ஊர்ல தேர் இழுக்கவன் அம்புட்டுப் பேரும் உள்ளதான் கெடக்கணும்."

சந்து ஓவென்று சிரித்தது. ஐயருக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"இப்பம் ராத்திரியோட ராத்திரியா திரும்பக் கொண்டுபோய் வச்சிட்டா?" என்று மெல்லக் கேட்டார் பூலோகம்.

"ஓய் பூலோகம், என் வயத்துல அடிக்காதேயும். மேப்புல கல்லு இங்க. நாளைக்கு இன்னொருத்தன் வந்து அளந்தா கல்லு அங்க. நடுவுல நான் எங்க? தெருவுல."

பார்வதியம்மாளும் ஒப்பவில்லை. "என் மவளுக்கு இந்தப் பீடத்துல வேண்டித்தான் பிள்ள தங்குச்சி. மறுபடி சாக்கடைக்குக் கொண்டுபோனா ஆத்தா சும்மா விடுவாளா?"

சொர்ணம்மாள் தன் வீட்டுத் தகரத்தில் உள்ளங்கையை வைத்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்த்தாள். வீடு கொஞ்சம் போய்த் திரும்பி வந்தது. நான்கு மூலையில் நான்கு சவுக்குக் கம்பம், நடுவில் ஒன்று, சுற்றிலும் சட்டத்தில் அறைந்த தகரம், மேலே தகரம். இதைவிடக் கனமான சாரத்தை அவள் செம்பூரில் மாற்றிக் கட்டியிருக்கிறாள்.

"கல்லு வர வேண்டாம். வீடு போவட்டும்" என்றாள்.

யாருக்கும் முதலில் விளங்கவில்லை. நயினாருக்குத்தான் முதலில் விளங்கியது. அவர் ஊரில் அம்மன் கொடைக்குச் சப்பரம் தூக்குகிற ஆள். அவர் கண் வீட்டை மேலும் கீழும் அளந்தது. "அடியில மூங்கில் கட்டணும். ஒசரம் பார்த்து ஆள் நிறுத்தணும். முடியும்வே" என்றார்.

போவது எங்கே? கல்லுக்கு உள்பக்கம் காலியாக இருந்தது ஒரே இடம்தான்: கரீம் பாட்சாவின் கிடங்குச் சுவருக்குப் பக்கத்தில், உடைந்த பெட்டிகள் கிடக்கிற துண்டு நிலம். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

கரீம் பாட்சா தாடியைத் தடவினார். "எடத்துக்கென்ன, தாறேன் தங்கச்சி. ஆனா ஒரு கண்டிசன். என் கிடங்குப் பக்கமா உள்ள சுவரத்தான் முதல்ல எழுப்பணும். கணக்கு எழுதும்போது ஒங்க ரெண்டு பேரு சண்டையும் காதுல விழுந்தா நான் வரவைச் செலவுல எழுதிருவேன்."

"சரி பாய். முதச் சுவர் ஒங்க சுவர்."

பஞ்சாபகேசன் மறுபடி பெட்டியில் உட்கார்ந்துவிட்டார். இப்போது நுனியில் உட்காரவில்லை.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். வீடு பழசு. இடம் புதுசு. இதைப் பழசுன்னு சொல்றதா, புதுசுன்னு சொல்றதா? பழசுன்னா பழுது பார்க்கலாம். புதுசுன்னா இடிச்சுடுவா. வீடு நடக்கும்னு ரூல் எழுதினவன் நெனைச்சே பார்க்கலையே!"

"நீங்க என்ன சொல்லுதிய?"

"நான் சொன்னா செல்லாது. இன்ஜினியர் சொல்லணும். எங்க கட்டடத்துலதான் மேல்மாடியில இருக்கார். ஞாயித்துக்கிழமை குளிச்சு, பூஜை முடிச்சப்புறம் நல்ல மூடுல இருப்பார், கேக்கறேன். பாய், உங்க கிடங்குல போன் இருக்கோல்லியோ? காலம்பறவே கூப்பிட்டுச் சொல்லிடறேன்." எழுந்தவர் திரும்பி நின்றார். "அதுவரைக்கும் வீட்டைத் தொடப்படாது. புதுசுன்னு சொல்லிட்டார்னா போன இடத்துலேர்ந்து பிடுங்கிப் போட்டுடுவா. விட்டுட்டு வந்த இடத்துலயும் திரும்ப வைக்க விட மாட்டா. ரெண்டும் போயிடும், கேட்டுக்கோங்கோ."

அந்த வாரம் முழுக்கச் சொர்ணம்மாள் செம்பூரில் சத்தமே போடவில்லை. ஒரு வரிசை கண்ணெதிரே கோணிக்கொண்டு போனது. பார்த்துக்கொண்டே நின்றாள். "என்ன, ஒடம்புக்கு முடியலையா?" என்று கொத்தனாரே கேட்டார்.

ஞாயிறு விடிந்தபோது வீட்டின் அடியில் மூங்கில்கள் கட்டியாகியிருந்தன. தொடக் கூடாது என்றுதான் ஐயர் சொன்னார். கட்டக் கூடாது என்று சொல்லவில்லை என்பது நயினார் கட்சி. கம்பங்களைச் சுற்றி மண்ணைத் தோண்டியிருந்தார்கள். சட்டி பானை, கோழிக்கூடை, டிரங்குப் பெட்டி எல்லாம் பார்வதியம்மாள் வாசலில் இருந்தன. தோல் பட்டறை, லேத்துப் பட்டறை ஆட்களெல்லாம் ஞாயிறென்பதால் வந்திருந்தார்கள். தோளில் மடித்த சாக்குத் துண்டு.

போன் வரவில்லை.

கரீம் பாட்சா கிடங்குக்குள் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். நடுநடுவே எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, "உசுரு இருக்கு" என்று வெளியே குரல் கொடுத்தார். டீ ஒரு சுற்று வந்தது. இன்னொரு சுற்றும் வந்தது. ஆட்கள் வெயிலைப் பார்த்தார்கள். அன்றைக்கு அமாவாசை. காடி என்கிற பக்கத்துக் கடற்கழியில் ஓதம் ஏறினால் சாக்கடை எதிர்த்துக்கொண்டு வந்து சந்தில் கணுக்கால் அளவு நிற்கும். வடிந்தாலும் சேறு காய நாளாகும். அந்தச் சேற்றில் வீட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் கால் வைக்க முடியாது. அடுத்த ஞாயிறு என்றால் அதற்குள் மழை இறங்கிவிடும்.

"இன்ஜினியரு பூசையே முடிக்கலையோ என்னமோ" என்றார் பூலோகம். "பொறுப்போம், சொர்ணம். ரெண்டும் போயிரும்னு ஐயரு சொல்லிட்டுப் போயிருக்காரு."

"தண்ணி பொறுக்குமா?"

"அது இல்லட்டி..."

"எது இல்ல? இதுவரைக்கும் நான் சுமந்த செங்கலுக்கு யாருகிட்ட சம்மதம் கேட்டேன்? ஏறுன்னாவ, ஏறுனேன். இப்பம் என் வீட்டுக்கு ஏறணும்னா போனு அடிக்கணுமோ?"

"அண்ணாச்சி சொல்லுததுதான் சரி" என்றாள் பார்வதியம்மாள், இந்த முறை தகரம் நடுவில் இல்லாமல் நேருக்கு நேராக. "பொறுங்க, மைனி."

சொர்ணம்மாள் சாக்கடையைப் பார்த்தாள். வழக்கமாகத் தேங்கிக் கிடக்கிற தண்ணீர் இப்போது மெல்லப் பின்னோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. ஒரு வாழை மட்டை அதில் மிதந்து அவளை நோக்கி வந்தது. இந்தத் தகரமும் போய்விட்டால் பிளாட்பாரம்தான். தெரியும். மேற்குச் சுவர் பறந்துபோன ராத்திரிகளும் தெரியும்.

"நயினார் அண்ணாச்சி, தூக்குங்க" என்றாள்.

நயினார் ஆளை நிறுத்தினார். குட்டையர் முன்னால், நெட்டையர் பின்னால், இடது தோள்காரர்கள் இந்தப் பக்கம். முன் மூங்கிலில் ஓரிடம் காலியாக இருந்தது. வர வேண்டிய ஆள் சினிமாவுக்கு வரிசையில் நிற்கப் போய்விட்டானாம். நயினார் அவன் பரம்பரையையே திட்டினார். கரீம் பாட்சா எழுந்து வெளியே வந்தார். கிடங்கைத் திறந்து போட்டுவிட்டு அவர் தொழுகைக்குக்கூடப் போனதில்லை; பழக்க தோஷத்தில் பூட்டிச் சாவியை இடுப்பு பெல்ட்டில் செருகிக்கொண்டு, சால்வையை மடித்துத் தோளில் போட்டார்.

"பாய், நீங்களா?"

"என் சுவத்துக்குப் பக்கத்துல வரப்போற வீடு. நான் தூக்காம?"

நடுக்கம்பம் ஆடாமல் பிடித்துக்கொள்ள உள்ளே இரண்டு பேர் வேண்டும் என்றார் நயினார். சொர்ணம்மாளும் பூலோகமும் உள்ளே போனார்கள்.

"ஒண்ணா... தம் பிடிச்சி... ஏத்து!"

தகரம் முழுதும் ஒரு முறை உறுமியது. கம்பங்கள் குழியைவிட்டு எழுந்தன. சுவர்களின் அடியில் வரிசையாகக் கால்கள் தெரிந்தன. பெண்கள் குலவை போட்டார்கள். சொர்ணம்மாள் நடுக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு நடந்தாள். உள்ளே கொடியில் மறந்துபோய் விட்டிருந்த பூலோகத்தின் ஓட்டல் பனியன் ஆடிக்கொண்டு வந்தது. அடுப்பு இருந்த இடம் பின்னால் போயிற்று. பாய் விரிக்கிற இடம் பின்னால் போயிற்று. வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வீட்டைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பூலோகத்தைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றார்.

"கண்ணத் தெறங்க. விழுந்து வைக்காதிய."

"ஒரு எட்டு... இன்னொரு எட்டு... பாயிட்ட கனம் ஏறுது, பின்னால தூக்கிப் பிடிலே!"

வாசல் வழியாக மஞ்சள் பூசின கல் தெரிந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் வந்தது. முன்கம்பம் இரண்டும் கல்லைத் தாண்டின. நடுக்கம்பம் கல்லுக்கு நேராக வந்து நின்றது. நயினார் மூச்சு வாங்க நிறுத்தினார், இறக்கவில்லை, தோளிலேயே.

அப்போதுதான் கிடங்குக்குள் போன் அடித்தது.

யாரும் அசையவில்லை. அசைய முடியவில்லை.

"ஐயருதான்" என்றார் பூலோகம்.

"பாய், போயி எடுங்க!" என்று வெளியே யாரோ கத்தினார்கள்.

"என்னத்த எடுக்க? தோள எடுத்தா முன்பக்கம் சரியும்" என்றார் கரீம் பாட்சா பல்லைக் கடித்துக்கொண்டு. "சாவி இடுப்புல இருக்கு. எடுக்கணும்னா ஒருத்தன் கை விடணும்."

பார்வதியம்மாள் ஓடி வந்தாள். கரீம் பாட்சாவின் இடுப்பைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். கூச்சத்தில் அவள் நெளிய, அந்தக் கனத்துக்கு நடுவிலும் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். வீடு குலுங்கியது.

"சிரிக்காதீங்கலே! சிரிச்சா தோள் நழுவும்!"

"சரின்னு சொல்லத்தான் கூப்பிடுதாரு" என்றார் பூலோகம்.

"சரின்னா நடக்கோம்."

"கூடாதுன்னு சொல்ல கூப்பிட்டாருன்னா?"

"கூடாதுன்னா மட்டும் இப்படியே அந்தரத்துலயா நிக்க முடியும்?" சொர்ணம்மாள் கம்பத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். பின்சுவருக்கு அடியில், கால்களுக்கு இடையே, சந்தின் மறுகோடியில் தண்ணீர் பளபளப்பது தெரிந்தது. "நயினார் அண்ணாச்சி, என்ன நிக்கிய?"

"போனு அடிக்குதே, தாயி."

"காதுல விழுது. நடங்க."

நயினார் தொண்டையைக் கனைத்தார். "ஒரு எட்டு" என்றார். கால்கள் நகர்ந்தன. கிடங்குக்குள் மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.